வளவில் நாலு கல் உடைந்தால்: பழைய பூக்கல் தரைக்குப் புதுக்கல் இணை சேர்ப்பது எப்படி

செட்டிநாட்டு வீட்டில் முற்றத்தைச் சுற்றிய நடுப்பகுதிதான் வளவு. அங்கே பல தலைமுறை மிதித்த பூக்கல் தரையில், அதாவது பூ வேலை செய்த சிமெண்ட் கல் தரையில், நாலு கல்லை மட்டும் மாற்றிப் பாருங்கள். வீட்டுக்குள் நுழைகிறவர் கண் தூணையும் பார்க்காது, நிலைக்கதவையும் பார்க்காது, நேரே அந்த நாலு கல்லில் போய் நிற்கும். செட்டிநாட்டு வீடுகளில் பழுது பார்க்கும்போது அதிகம் சொதப்புவது இந்த இடத்தில்தான். கடைக்குப் போய் அதே பூ, அதே நிறம் என்று வாங்கி வருகிறார்கள். பதித்த பிறகு தனியாகத் தெரிகிறது. உடனே கொத்தனார் சொல்வது, "போகப் போகச் சேர்ந்துரும்." பூ ஒன்றாக இருந்தாலும் அளவும் மட்டமும் தப்பாகப் போட்ட கல் எத்தனை வருடம் போனாலும் சேராது.

காட்டிக் கொடுப்பவை நாலு. முதலாவது மட்டம்: ஒரு மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் சாய்வெயிலில் நிழல் விழும். இரண்டாவது கல்லுக்குக் கல் உள்ள இடைவெளி. மூன்றாவது மினுக்கம். நிறம் நாலாவதுதான். பெரும்பாலோர் நிறத்தில் தொடங்கி நிறத்திலேயே முடித்துவிடுவதால்தான் வேலை கெடுகிறது.

இது பூக்கல்தானா என்று முதலில் பாருங்கள்

செட்டிநாட்டு வீட்டில் தரை எல்லாம் ஆத்தங்குடிக் கல் (காரைக்குடி அருகே ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் இந்தப் பூக்கல்தான்) என்று நினைத்துவிட வேண்டாம். முகப்பில் இத்தாலிய மார்பிள், சுவரின் கீழ்ப்பகுதியில் வெளிநாட்டுப் பீங்கான் ஓடு, அடுப்படியில் கடப்பா, வளவைச் சுற்றிப் பூக்கல் என்று ஒரே வீட்டில் நாலு வகை இருக்கும்.

உடைந்த துண்டின் விளிம்பைப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டர் நிறம், அதன் கீழே மணலும் சிமெண்ட்டுமாகச் சாம்பல் நிறம் இருந்தால் அது சிமெண்ட் பூக்கல். முழுக்கச் சுட்ட மண்ணாக இருந்து, மேலே கண்ணாடி போல ஒரு தோல் இருந்தால் பீங்கான். உடைந்த துண்டு இல்லையென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எண்ணெய் ஏறாத பூக்கல் கொஞ்ச நேரத்தில் உறிஞ்சி அந்த இடம் கறுக்கும், பீங்கானில் சொட்டு அப்படியே நிற்கும். எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கிற பழக்கம் உண்டு. அதைக் கழிவுத் துண்டில் மட்டும் செய்யுங்கள். நுரைத்தால் சிமெண்ட்டோ சுண்ணாம்புக் கல்லோதான். நுரைத்த இடத்தில் மேற்பரப்பு கரைந்திருக்கும், அது திரும்ப வராது.

பூக்கல் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்திருந்தால் பின்னால் பல முடிவுகள் எளிதாகும். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சைப் பொருத்துவார்கள். சிமெண்ட்டும் நிறம் தரும் ஆக்சைடு பொடியும் கலந்த கூழை அறை அறையாக ஊற்றிவிட்டு அச்சை எடுப்பார்கள். மேலே உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, அதன் மேல் ஈரக் கலவை போட்டு மட்டம் செய்வார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். உலர்ந்து கண்ணாடியைப் பிரித்தால், கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் இருக்கும். சூளையும் கிடையாது, மெருகு மெஷினும் கிடையாது. அந்த மினுக்கம் கண்ணாடி கொடுத்தது. தேய்த்து எடுத்துவிட்டால் அதே மினுக்கத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பழைய கல் ஏன் நிறம் மாறியது

மாறியது நிறமா, நிறத்தின் மேல் இருப்பதா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் கனமான பீரோவோ மரப்பெட்டியோ பல வருடம் நகராமல் இருந்த இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். அதை நகர்த்துங்கள். அந்தக் கல்தான் உங்கள் சாட்சி: கால் படாத, வெயில் படாத, துடைப்பம் படாத நிறம். அதற்கு அடுத்த கல்லை ஓர் உள்ளங்கை அளவுக்குச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மறுநாள் காய்ந்த பின் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

கழுவியதும் சாட்சிக் கல்லுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் பிரச்சினை அழுக்கும் எண்ணெயும். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பது இங்கே பழைய வழக்கம். ஆனால் தேங்காய் எண்ணெய் இறுகிக் காயாது. அதிகமாகப் போட்டால் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு வருடக் கணக்கில் பழுப்பேறும்.

மேலே வெள்ளையாகப் பொடி படிந்து, துடைத்தால் போய், காய்ந்ததும் திரும்ப வந்தால் அது உப்புப் பூப்பது. கீழேயிருந்து ஈரம் ஏறுகிறது. போர்வெல் தண்ணீரால் துடைக்கிற வீடுகளில் வேறு மாதிரி மங்கல் இருக்கும்: அது பொடியாக உதிராது, மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும்.

நடக்கும் வழியில் மட்டும் பூவின் கோடுகள் மங்கி, சுவரோரம் தெளிவாக இருந்தால் அது தேய்மானம். எந்தச் சோப்பும் அதைத் திருப்பாது.

வெயிலில் வெளுத்ததா என்று எல்லோரும் கேட்பார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றும் இரும்பு ஆக்சைடாக இருந்தால் வெயிலுக்கு அசையாது. முற்றத்து ஓரம் அந்த நிறங்கள் மங்கியிருந்தால் வெயிலைக் குற்றம் சொல்லாதீர்கள், மழைத்தண்ணீரும் தேய்மானமும்தான் காரணம். நீலம் வேறு கதை: அல்ட்ராமரைன் நீலம் அமிலம் பட்டால் நிறத்தை இழந்துவிடும். பச்சையில் குரோமியம் ஆக்சைடு நிலையானது. மஞ்சளையும் ஏதோ ஒரு நீலத்தையும் கலந்து செய்த பச்சையாக இருந்தால், நீலம் போய் மஞ்சள் மட்டும் நிற்கும்.

மஞ்சள் கல்லில் செம்புள்ளியாக ஒரு வட்டம் இருந்தால், அங்கே கரி அடுப்போ கற்பூரத் தட்டோ வைத்திருப்பார்கள். மஞ்சள் இரும்பு ஆக்சைடு கடும் சூட்டில் நீரை இழந்து சிவப்பு ஆக்சைடாக மாறிவிடும். அது கறை இல்லை, நிறமே மாறியது. கழுவிப் பயனில்லை, கல்லைத்தான் மாற்ற வேண்டும்.

புதுக்கல் சொல்வதற்கு முன் பழைய தரையைக் கழுவி முடியுங்கள்

வரிசை மாறினால் பணம் வீண். அழுக்கான தரைக்குப் பொருத்தமாகப் புதுக்கல் செய்து வாங்கிவிட்டு, பிறகு தரையைக் கழுவினால் புதுக்கல்தான் அழுக்காகத் தெரியும்.

உலர்ந்த மென்மையான துடைப்பத்தால் மணலை முழுக்க எடுங்கள். மணல் இருக்கும்போது ஈரத்துணி போட்டால் அதுவே உப்புத்தாள் வேலையைச் செய்யும். அடுத்து, 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி காரமில்லாத திரவச் சோப்பு. ஒரே நேரத்தில் 10 சதுர அடிக்கு மேல் நனைக்க வேண்டாம். நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை உடனே துணியால் உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். முடிந்தால் சேமித்த மழைத்தண்ணீர். இரும்பு நார் கூடாது, அறுந்து விழும் துணுக்கு கல்லில் துரு வைக்கும்.

எண்ணெய்ப் பிசுக்குப் போகாவிட்டால் 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. கூடுதலாகப் போட்டால் அந்தச் சோடாவே உள்ளே இறங்கி, காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும். இதற்கு மூன்று முறை அலசல்.

ஆழமாக இறங்கிய எண்ணெய்க் கறைக்குப் பற்றுப் போட வேண்டும். முல்தானி மட்டியையோ சாக்குப் பொடியையோ டர்பன்டைனில் தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, கறையைவிட ஓர் அங்குலம் அகலமாக, அரை அங்குலக் கனத்தில் அப்புங்கள். பிளாஸ்டிக் தாள் போட்டு ஓரத்தை ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். பிறகு தாளை எடுத்து, பற்று தானாகக் காய்ந்து வெடிக்கும் வரை இன்னொரு நாள். காயும்போதுதான் அது எண்ணெயை மேலே இழுக்கும். ஈரமாகவே வழித்துவிட்டால் பாதி கறை உள்ளேயே தங்கும். இரண்டு மூன்று முறை போட வேண்டியிருக்கும். டர்பன்டைன் தீப்பிடிக்கும், அடுப்படியில் செய்யும்போது சிலிண்டரை மூடுங்கள்.

வெற்றிலைக் கறைக்கு அதே மட்டியை மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் குழைத்துப் போடலாம். முதலில் மூலையில் ஒரு கல்லில் சோதனை செய்யுங்கள். ஆழமாக இறங்கிய துருக்கறைக்கு வீட்டில் செய்யக்கூடிய நல்ல வைத்தியம் கிடையாது. துருவை எடுக்கும் அமிலங்கள் கல்லையும் சேர்த்தே எடுக்கும்.

பாத்ரூம் ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். பூக்கல்லைப் பிணைத்து வைத்திருப்பது சிமெண்ட் பசை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைத்தான் கரைக்கிறது. ஊற்றியதும் பொங்கி வரும் நுரை அழுக்கு போவதாகத் தெரியும். உண்மையில் போவது கல். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், காய்ந்தால் சொரசொரப்பாகி, அதற்குப் பிறகு அழுக்கு இரண்டு மடங்கு வேகத்தில் ஏறும். புளி, வினிகர், எலுமிச்சை எல்லாம் அதே ஜாதிதான், வேகம் மட்டும் குறைவு. பிளீச்சிங் பவுடரும் வெள்ளைப் படிவை விட்டுச் செல்லும்.

உப்புப் பூத்த கல்லைத் தண்ணீரால் கழுவாதீர்கள். உப்பு கரைந்து உள்ளே போய்த் திரும்ப வரும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி வாரி எடுங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, 2 அடிக்கு 2 அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி 24 மணி நேரம் வையுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கட்டினால் கீழேயிருந்து ஓதம் ஏறுகிறது. உயரமான அடித்தளம் உள்ள வீட்டில் இது வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பின்னாளில் சேர்த்த கழிவறையின் குழாய்க் கசிவு, அல்லது முற்றத்து வடிகால் அடைப்பு. அதைச் சரிசெய்யாமல் கல்லை மாற்றினால் புதுக்கல்லும் ஒரு மழைக்காலத்துக்குள் பூக்கும்.

நல்ல இணை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது

பத்துப் பதினைந்து கல்தான் வேண்டும் என்றால், புதுக்கல்லைப் பழசாக்குகிற வித்தைகளைத் தேடாதீர்கள். அதே வீட்டில், அதே காலத்தில், அதே சாந்தில் பதித்த கல், கண் படாத இடத்தில் இருக்கும்: இரட்டை வீட்டின் (வளவை ஒட்டி ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் ஜோடி அறைகளின்) உள்ளறை, பீரோவுக்குக் கீழ், கதவு திறந்தால் மறையும் மூலை, வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டின் சாமான் அறை. அங்கிருந்து எடுத்து வளவில் பதியுங்கள். எடுத்த இடத்தில் புதுக்கல் போடுங்கள். செலவு கொஞ்சம் கூடும், கொத்தனாருக்கு இரட்டை வேலை என்று முகம் சுளிப்பு இருக்கும். ஆனால் இதற்கு ஈடான இணை எந்தப் பட்டறையிலும் கிடைக்காது.

எடுக்கும் கல்லிலும் தேர்வு உண்டு. நடைவழியில் பதிக்கப் போகும் கல்லை, அந்த மறைவான அறைகளின் நடைவழியிலிருந்தே எடுங்கள். பீரோவுக்குக் கீழிருந்த புத்தம்புதுப் பழைய கல்லை வளவின் நடுவில் போட்டால் அதுவும் புதுக்கல் போலத்தான் தெரியும். அப்படிப்பட்ட கல்லுக்குச் சரியான இடம் சுவரோரம்.

தேவை அறையின் கால்வாசியைத் தாண்டினால் வேறு கணக்கு. அந்த அறையின் நல்ல பழைய கல் எல்லாவற்றையும் நடுவில் சேருங்கள். சுற்றிலும் சுவரோரம் ஒரு வரிசையோ இரண்டு வரிசையோ புதுக்கல் போடுங்கள். பார்ப்பவர் அதைக் கரை என்று எடுத்துக்கொள்வார். கரைக்கு வேறு பூவோ ஒற்றை நிறமோ வைத்தால் இன்னும் நல்லது, இணை சேர்க்கும் கட்டாயமே இல்லை. பழைய பூக்கல் தரைகளில் கரை வைத்துப் பதிப்பது வழக்கம்தான், யாருக்கும் உறுத்தாது.

முழு அறையும் போய்விட்டதென்றால் நிலைப்படியோடு எல்லையை முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு தரைக்கு நடுவில் ஒரு நிலைப்படி இருந்தால் நிற வேறுபாட்டைக் கண் மன்னித்துவிடும்.

பழைய கல்லை உடையாமல் எடுப்பது

நாணயத்தால் ஒவ்வொரு கல்லாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் பிடிப்பு உண்டு, பொத்தென்று கேட்டால் அடியில் வெற்றிடம். பொத்தென்ற கல்லே எளிதில் வரும்.

பழைய தரைகள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் பதித்தவை. அது கல்லைவிட மென்மையானது என்பதால்தான் கல்லை முழுசாக எடுக்க முடிகிறது. எழுபது எண்பதுகளுக்குப் பிறகு சிமெண்ட்டில் பதித்த தரையானால் பாதிக் கல் உடையும் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள்.

முதல் கல்லைத் தியாகம் செய்ய வேண்டும். ஏற்கெனவே உடைந்த கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நடுவிலிருந்து சிறு உளியால் கொத்தி விளிம்பு நோக்கி வாருங்கள். விளிம்பிலிருந்து நடுவுக்குப் போனால் பக்கத்துக் கல்லின் முனை தெறிக்கும். அந்தக் குழி கிடைத்ததும், பக்கத்துக் கல்லின் இடைவெளியை ஹாக்ஸா பிளேடால் அறுத்து விடுங்கள். கட்டிங் மெஷின் வேண்டாம், பழைய தரையில் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மெஷின் பிளேடு இரண்டு பக்கக் கல்லையும் தின்னும். பிறகு அகலமான தட்டை உளியைக் குழி வழியாக, கல்லுக்கு அடியில் அல்ல, சாந்துக்குள் செலுத்துங்கள். கல்லோடு அரை அங்குலச் சாந்து சேர்ந்து வந்தால் பரவாயில்லை. வெளியே எடுத்த பின் மெதுவாகச் சுரண்டிக்கொள்ளலாம்.

எடுத்த கல்லின் பின்புறம் சாக்குக்கட்டியால் எண்ணும், எந்தப் பக்கம் வாசலைப் பார்த்தது என்று ஓர் அம்புக்குறியும் போடுங்கள். தேய்மானத்துக்கும் திசை உண்டு. கல்லைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள். 8 அங்குலக் கல் ஒன்று 2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், பத்துக் கல் சுமையில் அடிக்கல் விரிசல் விடும். முகத்தோடு முகம் வைத்து, நடுவில் காகிதம் போட்டு, செங்குத்தாக நிறுத்துங்கள்.

பட்டறையில் சொல்லிச் செய்வது

புதுக்கல் வேண்டும் என்று முடிவானால் ஆத்தங்குடியில் கைவேலைப் பட்டறைகள் உண்டு, அளவு கொடுத்தால் அச்சும் செய்து தருவார்கள். படத்தைக் கைப்பேசியில் காட்டி ஆர்டர் கொடுத்தால் வருவது படத்துக்கு இணையான கல், உங்கள் தரைக்கு இணையானது இல்லை. எடுத்துப் போக வேண்டியவை: உடைந்தாலும் பரவாயில்லை, ஒரு முழுக் கல்லின் துண்டுகள், கழுவிய பழைய கல் ஒன்று, டிரேசிங் தாளில் பென்சிலால் படியெடுத்த பூவின் கோடுகள், அளவு.

அளவு எடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய கல் அங்குலக் கணக்கு. 8 அங்குலம் என்றால் 203 மில்லிமீட்டர். இன்று 20 செண்டிமீட்டர் அச்சில் போட்டுவிட்டு "8 இஞ்ச்தான்" என்று தருகிறவர்கள் உண்டு. ஒரு கல்லுக்கு 3 மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 12 அடி அறையில் 18 கல் வரிசையில் அது 5 செண்டிமீட்டருக்கு மேல் போய்விடும், பூ எங்கேயோ நிற்கும். தனிக் கல்லை அளக்காதீர்கள். பத்துக் கல் வரிசையை இடைவெளியோடு அளந்து பத்தால் வகுங்கள். நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை. கனம் தனியாக: தேய்ந்த கல் ஒன்று, தேயாத கல் ஒன்று.

எண்ணிக்கை: 8 அங்குலக் கல் 100 சதுர அடிக்கு 225. அதற்கு மேல் 10 சதவீதம் சேதாரத்துக்கு. மாதிரிச் சோதனைக்கு ஐந்தாறு. எதிர்காலத்துக்குக் குறைந்தது பத்து. எல்லாம் ஒரே நாள் கலவையில் வர வேண்டும். பொடியை அளந்து போடாமல் கைக்கணக்கில் போடுகிற பட்டறையில் இன்றைய மஞ்சளும் அடுத்த வார மஞ்சளும் வேறு.

நிறத்துக்கு வருவோம். பழைய கல்லின் "வெள்ளை" இப்போது வெள்ளையாக இருக்காது, பாலாடை நிறத்தில் இருக்கும். வெறும் ஒயிட் சிமெண்ட்டில் செய்த புதுக்கல் அதன் பக்கத்தில் பல் போலத் தெரியும். 1 கிலோ ஒயிட் சிமெண்ட்டுக்கு 3 கிராம், 5 கிராம், 8 கிராம் மஞ்சள் ஆக்சைடு என்று மூன்று மாதிரி கேளுங்கள். அப்படியும் பளிச்சென்று இருந்தால் ஒயிட் சிமெண்ட்டில் 50 முதல் 100 கிராமை எடுத்துவிட்டு அதே அளவு சாதா சிமெண்ட் சேர்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறம் எந்த நிறத்தையும் கொஞ்சம் அடக்கும். கறுப்புப் பொடியைச் சேர்த்து அடக்குவது கடினம், ஒரு சிட்டிகை கூடினாலும் அழுக்காகிவிடும்.

அழுத்தமான சிவப்புக்கும் கறுப்புக்கும் 1 கிலோ சிமெண்ட்டுக்கு 50 கிராமில் தொடங்கலாம். 60 கிராமைத் தாண்டினால் நிறம் பெரிதாக ஏறாது. 100 கிராமைத் தாண்டினால் மேற்பரப்பு பலம் குறைந்து, துடைக்கும் துணியில் நிறம் வர ஆரம்பிக்கும். தேய்ந்த பழைய சிவப்புக்கு இணை வேண்டுமானால் 30, 40, 50 கிராமில் மூன்று மாதிரி.

மாதிரியை ஈரத்தில் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈரச் சிமெண்ட் எப்போதும் ஒரு படி கறுப்பாகத் தெரியும். தொட்டியிலிருந்து எடுத்து இரண்டு மூன்று வாரம் காய்ந்த பிறகே உண்மை நிறம். அதையும் பட்டறை வாசல் வெயிலில் பார்க்காமல், பதிக்கப் போகும் அதே தரையில் படுக்க வைத்து, முற்றத்து வெளிச்சத்தில் காலையிலும் மாலையிலும், பிறகு விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறையும் பாருங்கள். கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் எல்லாக் கல்லும் இணை போலத்தான் இருக்கும். சந்தேகமானால் சற்றே மங்கலான மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். மங்கலான கல்லில் எண்ணெய் விட்டு நிறத்தை ஏற்றலாம், பளிச்சென்ற கல்லை இறக்க வழி குறைவு.

படுகையும் பதிப்பும்

வேலைக்குத் தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் தரை காயாது. அக்னி நட்சத்திரத்தில் சாந்து இறுகும் முன்பே வறண்டு பொடியாகும்.

குழியைத் தூசியில்லாமல் பெருக்கி, நீர் தெளித்து ஊறவிடுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. கலவை: 1 பங்கு சிமெண்ட், 1 பங்கு நீற்றிய சுண்ணாம்பு, 6 பங்கு சலித்த ஆற்று மணல். 1க்கு 3 என்று கெட்டியான சிமெண்ட் கலவை போடுவதுதான் கொத்தனார்களின் பழக்கம். சுற்றிலும் சுண்ணாம்புப் படுகை இருக்கும்போது நடுவில் ஒரு கடினத் துண்டைச் செருகினால், ஈரம் அதன் வழியே போக முடியாமல் பக்கத்துப் பழைய கல் வழியாக ஏறும். ஆறு மாதத்தில் புதுக்கல்லைச் சுற்றிப் பழைய கல்லில் வெள்ளை வளையம் கட்டும். எல்லோரும் புதுக்கல் சரியில்லை என்பார்கள்.

படுகைக் கனம் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கல்லின் பின்புறத்தை நன்றாக நனைத்து, மேற்பரப்பைத் துடைத்து, பின்புறம் முழுக்க ஒயிட் சிமெண்ட் பால் பூசி வையுங்கள். சாதா சிமெண்ட் பால் வெளிர் நிறக் கல்லின் விளிம்பில் கசிந்து சாம்பல் கோடு போட்டுவிடும். சுத்தியலோ ரப்பர் சுத்தியோ போட்டு அடிக்காதீர்கள். கையால் அழுத்தி, மேலே பலகைத் துண்டு வைத்து, சுற்றி நான்கு பழைய கல்லோடு மட்டக்கோல் வைத்துப் பாருங்கள். ரசமட்டம் இங்கே ஏமாற்றும், ஏனென்றால் பழைய தரை மட்டமாகவே இருக்காது. பக்கத்துக் கல் எப்படிச் சாய்கிறதோ அப்படியே புதுக்கல்லும் சாய வேண்டும். கடைசியில் கண்ணை மூடி, உள்ளங்கையால் விளிம்பின் மேல் தடவிப் பாருங்கள். உள்ளங்கையில் விளிம்பு தட்டினால், கலவை இறுகும் முன் எடுத்துத் திரும்ப வையுங்கள்.

சுற்றிலும் தேய்ந்த கல்லாக இருந்தால் புதுக்கல்லின் விளிம்பு கூர்மையாகத் தெரியும். பதிப்பதற்கு முன் 220 நம்பர் உப்புத்தாளால் விளிம்பை ஓர் இழை மட்டும் மழுக்கிவிடுங்கள். செய்யப் பத்து நிமிடம்தான் ஆகும், இணையில் பாதி இதில்தான் கிடைக்கும்.

24 மணி நேரம் கால் படக் கூடாது. பிறகு இடைவெளிக்கு ஒயிட் சிமெண்ட்டில் ஆக்சைடு கலந்து, பழைய இடைவெளியின் இன்றைய நிறத்துக்குக் குழைத்துத் தேயுங்கள். பழைய இடைவெளி கறுத்திருக்கும், ஆகவே வெறும் வெள்ளை போடாதீர்கள். ஒரு நேரத்தில் நாலு கல்லுக்கு மேல் வேண்டாம், ஐந்து நிமிடத்துக்குள் ஈரப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் சுரண்டுவதற்கு ஆசிட்டைத் தேடத் தோன்றும். ஒரு வாரம் ஈரச்சாக்குப் போட்டு வையுங்கள். சாயம் போகும் சாக்கு, வண்ணத் துணி, செய்தித்தாள் ஆகாது.

தரை மட்டம் வர மெஷின் பாலிஷ் போடலாம் என்று யாராவது சொன்னால் அனுப்பிவிடுங்கள். மார்பிளுக்கு அது சரி. பூக்கல்லில் நிறம் இருப்பதே சில மில்லிமீட்டர்தான்.

மினுக்கத்தை இறக்குவது

28 நாள் கழித்து, புதுக்கல் நன்கு காய்ந்த பின் இதைத் தொடங்கலாம். கையிருப்புக் கல்லில் சோதித்துவிட்டே தரையைத் தொடுங்கள். 600 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல், வட்ட வட்டமாக ஒரு கல்லுக்கு ஒரு நிமிடம். துடைத்துக் காயவிட்டுச் சாய்வாகப் பாருங்கள். இன்னும் கண்ணாடியாக இருந்தால் 400க்கு இறங்கி, திரும்ப 800இல் முடியுங்கள். பழைய தரையின் மினுக்கம் பட்டுப் போல இருக்கும், அந்த அளவு போதும்.

பாலாடை நிறம் இன்னும் ஒரு படி வேண்டுமென்றால் ஆளிவிதை எண்ணெய் உதவும். 1 பங்கு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்க்கு 3 பங்கு டர்பன்டைன், துணியில் தொட்டு மெல்லியதாக ஒரு தடவல், 15 நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் போலன்றி இது இறுகிக் காயும், நாளாக மஞ்சளிக்கும். மற்ற இடத்தில் குறை, இங்கே நமக்கு வேண்டியதே அதுதான். துடைத்த துணியைச் சுருட்டிக் கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

டீ டிகாஷன் ஊற்றிப் பழசாக்கும் யோசனை அடிக்கடி கேட்கும். திட்டுத் திட்டாகப் பிடிக்கும், தண்ணீரில் இரும்பு இருந்தால் கறுக்கும், நாலு முறை துடைத்தால் பாதி போய்விடும். வேண்டாம். பளபளக்கும் வார்னிஷ் வகைச் சீலரும் (கல்லுக்குக் காப்பாகப் பூசும் பூச்சு) வேண்டாம். கீழேயிருந்து வரும் ஈரம் அதற்கடியில் மாட்டிக்கொண்டு வெள்ளைத் திட்டாகும், பிறகு தோலாக உரியும். சீலர் போட்டே ஆக வேண்டுமென்றால் உள்ளே இறங்கி, மேலே படலம் கட்டாத, ஆவி வெளியேற விடுகிற வகை. தரை முழுக்கக் காய்ந்த பிறகு, பழைய கல்லுக்கும் புதுக்கல்லுக்கும் ஒன்றாக.

அடுப்படிக் கடப்பா

கடப்பா சுண்ணாம்புக் கல், எனவே ஆசிட் விதி இதற்கும் உண்டு. புதுசு கறுப்பாக வரும், பழசு சாம்பலாக இருக்கும். காரணம் எளிது: மேல்மெருகு தேய்ந்தால் இந்தக் கல் வெளுத்துத் தெரியும். புதுக் கடப்பாவை 220, பிறகு 400 வாட்டர் பேப்பரால் தேய்த்தால் அதுவும் சாம்பலுக்கு இறங்கும். அல்லது பழைய கல்லைச் சுத்தமாகக் கழுவி எண்ணெய் இழுத்தால் கறுப்புக்கு ஏறும். இரண்டில் ஒன்றை முழு அடுப்படிக்கும் செய்யுங்கள். பாதிப் பாதி செய்தால் இரண்டும் ஒட்டாது.

மிச்சக் கல்லை அடுக்கி வைக்காதீர்கள்

கையிருப்புப் பத்துக் கல்லைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டால், இருபது வருடம் கழித்து இன்னொரு கல் உடையும்போது அவை அப்போதும் புதுக்கல்லாகவே இருக்கும். அதற்குப் பதில் இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில், ஆள் நடக்கும் இடத்தில், சாந்தில்லாமல் வெறும் மணல் படுகையில் அவற்றைப் பதித்து வையுங்கள். இடைவெளியில் சலித்த மணல் தூவினால் அசையாது. வளவைத் துடைக்கிற அதே துணி, அதே வாளித் தண்ணீர், அதே கால்கள் அவற்றின் மேலும் படட்டும். தேவைப்படும் நாளில் ஓர் உளி நுனியால் நெம்பி எடுத்துக்கொள்ளலாம்.